புதுப்படத்தைப் பற்றி நாலு வரி எழுதுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய படத்தை, அது வெளியான அன்றே பார்க்கப் போயிருந்தேன். இடைவேளையில் கையில் தேநீரோடு நின்றபடி எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில், "பேசுவது பாதி புரியவில்லை, படம் நகரவே இல்லை, யாரும் போக வேண்டாம்" என்று எழுதிவிட்டேன். கோவில்பட்டியில் இருக்கும் என் பெரியம்மா மறுநாள் மாலைக் காட்சிக்கு மருமகள்களோடு போவதாக இருந்தவர், என் வரிகளைப் பார்த்துவிட்டுப் போகாமலே இருந்துவிட்டார். நான்கு வாரம் கழித்து அதே படம் ஓடிடி தளத்துக்கு வந்தபோது, வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒரு சொல்கூடத் தெளிவில்லாமல் இல்லை; அந்தப் படத்தின் உயிரே அதன் பேச்சில்தான் இருந்தது. திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியில் இருந்துதான் வசனம் பெரும்பாலும் வரும். நான் முதலில் பார்த்த அரங்கில் அந்த ஒலிபெருக்கி சரியாக இல்லை என்பதை, பின்னர் அங்கே வேறொரு படம் பார்த்தபோது அதிலும் அதே குறையைக் கேட்டுத்தான் உணர்ந்தேன். பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் அதற்குள் அந்தப் படத்தை எல்லா ஊர்களிலும் எடுத்துவிட்டார்கள்.

அந்தத் தவறுக்குப் பிறகு நான் கடைப்பிடித்து வரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இது பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு உரியது அன்று. படம் பார்த்துவிட்டு நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் நாலு வரி எழுதிப் போடும் நம்மைப் போன்றவர்களுக்கு உரியது. இதில் எல்லாமே ஒரு கொள்கையில் வந்து முடிகிறது: நீங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள், படம் ஓடுமா ஓடாதா என்பதை எழுதாதீர்கள்.

போவதற்கு முன்

தமிழ்நாட்டில் 2023 ஜனவரிக்குப் பிறகு அதிகாலைச் சிறப்புக் காட்சிகளுக்கு அனுமதி கிடைப்பதில்லை. பெரிய நட்சத்திரங்களின் படங்களுக்கும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் வெளிநாடுகளிலும் அதற்கு முன்பே காட்சிகள் தொடங்கிவிடுவதால், நம் ஊரில் டிக்கெட் கிழிக்கும் நேரத்தில் முதல் பாதியைப் பற்றிய தீர்ப்புகள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கும். அவற்றைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர் படத்தைப் பார்ப்பதில்லை, படித்த வரிகள் சரியா என்று சோதித்துக்கொண்டிருக்கிறார். "இரண்டாம் பாதி இழுவை" என்று ஒருவர் சொல்லியிருந்தால், இடைவேளைக்குப் பிறகு நம் கை தானாகவே நேரம் பார்க்கத் தொடங்கிவிடும். ஆகவே எழுதப்போகும் படத்தைப் பற்றி எதையும் படிக்காமல் போவதே நல்லது. இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், எழுத்தாளர் ஆகியோரின் பெயர்களை மட்டும் தெரிந்துகொண்டு போனால் போதும்.

சற்று முன்னதாக இருக்கையில் அமர்ந்துவிடுங்கள். படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழில் இரண்டு செய்திகள் நமக்குப் பயன்படும். ஒன்று படத்தின் வகை: 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7, 13, 16 என்ற வயது வரம்புகளோடு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், குழந்தைகளோடு போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மற்றொன்று ஓடும் நேரம். வெளியான பிறகு படத்தைச் சுருக்குவது இப்போது வழக்கமாகிவிட்டதால் இந்தக் குறிப்பு முக்கியமாகிறது. 2024 ஜூலையில் வெளியான 'இந்தியன் 2' படத்திலிருந்து சில நாட்களிலேயே 12 நிமிடங்கள் நீக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' படத்திலிருந்து ஏறத்தாழ 18 நிமிடங்கள் நீக்கப்பட்டன. முதல் நாள் பார்த்தவரும் இரண்டாம் வாரம் பார்த்தவரும் நீளத்தைப் பற்றி வாதிட்டால், இருவரும் வெவ்வேறு படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக்கூடும். எந்த நாளில், எந்த அரங்கில், எந்த மொழியில் பார்த்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அரங்குக்குள்

படம் ஓடும்போது எதையும் எழுத வேண்டாம். கைப்பேசி வெளிச்சம் பின்வரிசைக்காரருக்குத் தொல்லை. எழுதும் அந்த அரை நிமிடத்தில் நீங்களும் ஒரு முகபாவத்தைத் தவறவிடுவீர்கள். மனத்தில் தங்குவது தங்கட்டும். இடைவேளையில் மட்டும், உங்களுக்கென்று ஒரு வரி குறித்துக்கொள்ளலாம்: இப்போது நான் எதற்காகக் காத்திருக்கிறேன்? நம் படங்கள் இடைவேளையைக் கணக்கில் வைத்தே எழுதப்படுகின்றன; அந்த இடத்தில் ஒரு கேள்வியையோ அதிர்ச்சியையோ வைத்துத்தான் நம்மை வெளியே அனுப்புகிறார்கள். உங்கள் குறிப்பில் ஒரு கேள்வி இருந்தால் முதல் பாதி தன் வேலையைச் செய்திருக்கிறது. எதற்கும் காத்திருக்கவில்லை என்றால், பிறகு நீங்கள் எழுதப்போகும் குறையின் வேர் அங்கேதான் இருக்கும். அந்த வரியை யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்; நான் செய்த தவறு அதுதான்.

பக்கத்தில் இருப்பவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் அரங்கம் அமைதியாக இருந்ததா, குழந்தைகள் எந்தக் காட்சியில் எழுந்து நடக்கத் தொடங்கினார்கள், எங்கே விசில் பறந்தது என்பவையெல்லாம் நேரில் கண்ட செய்திகள். ஆனால் அவற்றை உங்கள் கருத்தோடு கலந்துவிடக் கூடாது. "எனக்குச் சிரிப்பு வரவில்லை, அரங்கம் நன்றாகச் சிரித்தது" என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறவரை அடுத்த முறையும் நம்பலாம்.

வழக்கமான சொற்களைப் பிரித்துப் பார்ப்பது

எழுதுவதில் கடினமான பகுதி இதுதான். நம்மிடம் ஐந்தாறு ஆயத்தச் சொற்கள் இருக்கின்றன. கை தானாக அவற்றையே எழுதும். அவற்றை நான் வெறுக்கவில்லை, நானும் பேச்சில் அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். எழுதும்போது மட்டும், அந்தச் சொல்லுக்குள் நான் வைத்திருப்பது என்ன என்று ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.

'லேக்' என்பதை எடுத்துக்கொள்வோம். படம் மெதுவாக நகர்வது தன்னளவில் குறை அன்று. நிதானமாகப் போகும் படத்தில் நேரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம். வேகமாக வெட்டி வெட்டிக் காட்டும் படத்திலும் கொட்டாவி விடுகிறோம். இழுவை என்று நாம் உணர்வதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும். நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறுபடியும் சொல்கிறார்கள். அல்லது கதாபாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாததால் நமக்கு எதிர்பார்ப்பு எழவில்லை. அல்லது சூடு பிடித்த கதையைப் பாட்டோ நகைச்சுவையோ நிறுத்திவிடுகிறது. "இரண்டாம் பாதி லேக்" என்பதற்குப் பதிலாக, "காணாமல் போனவன் உயிரோடு இருக்கிறான் என்பது நமக்குத் தெரிந்த பிறகும், குடும்பத்தில் ஒவ்வொருவராக அதே செய்தியைக் கேட்டு அதிர்ச்சியடையும் காட்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன" என்று எழுதினால், அதைப் படிப்பவர் தனக்கு அது தொல்லையாக இருக்குமா இருக்காதா என்று தானே முடிவு செய்துகொள்வார். குடும்பத்தார் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்ப்பதற்காகவே படத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

'லாஜிக் இல்லை' என்பதும் அப்படியே. ஒவ்வொரு படமும் தொடக்கத்திலேயே தன் விதிகளைச் சொல்லிவிடுகிறது. ஒரே ஆள் இருபது பேரை அடிப்பது அந்த உலகத்தின் விதி என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்த பிறகு, அதைக் குறையாகச் சொல்வதில் நியாயம் இல்லை. ஆனால் முதல் பாதியில் கால் ஊனத்தால் வேலை கிடைக்காமல் தவித்தவன், இறுதிக் காட்சியில் எந்தத் தடையும் இல்லாமல் ஓடினால், படம் தான் போட்ட விதியைத் தானே மீறுகிறது. இந்த இரண்டாவது வகைதான் எழுதத் தக்கது.

'மாஸ்' என்று எழுதுவதற்கு முன், அந்தக் காட்சிக்காக நம்மை எங்கிருந்து தயார் செய்தார்கள் என்று பின்னோக்கிப் பாருங்கள். கைதட்டல் வாங்கும் காட்சிக்கு முன்னால் பெரும்பாலும் ஓர் அவமானமோ நீண்ட பொறுமையோ இருக்கும். நாயகன் கதவைத் திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே வேறொருவர் அவனைப் பற்றிப் பேசியிருப்பார். அந்தத் தயாரிப்பைச் சொன்னால் உங்கள் பாராட்டுக்கு எடை கூடும். இசைக்கும் இது பொருந்தும். "பி.ஜி.எம். வேற லெவல்" என்பதை விட, எந்த இடத்தில் இசை நின்று அமைதி வந்தது என்று சொல்லிப் பாருங்கள், அதைக் கவனித்துவிட்டீர்கள் என்றால் இசையைப் பற்றி எழுத உங்களிடம் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது.

அண்மைக் காலத்தில் அதிகம் புழங்கும் 'கிரிஞ்ச்' என்ற சொல்லை எழுத்தில் அறவே தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. வசனம் செயற்கையாக இருந்தது என்ற பொருளிலும் அதைச் சொல்கிறார்கள்; இளைஞர்களின் பேச்சு போலியாக இருந்தது என்ற பொருளிலும் சொல்கிறார்கள்; வெளிப்படையாக உணர்ச்சியைக் காட்டுவது எனக்குக் கூச்சமாக இருந்தது என்ற பொருளிலும் சொல்கிறார்கள். முதல் இரண்டும் படத்தைப் பற்றியவை. மூன்றாவது நம்மைப் பற்றியது. நான் நெளிந்த ஒரு காட்சியில் பக்கத்தில் இருந்த என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியைப் பற்றி ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

குறையை யார் கணக்கில் எழுதுவது

திரையில் தெரியும் குறை யாரால் வந்தது என்பதைப் பார்வையாளர் எளிதில் அறிய முடியாது. நீளமான காட்சிக்குப் படத்தொகுப்பாளரைத் திட்டுகிறோம். அந்தக் காட்சி எழுத்திலேயே நீளமாக இருந்திருக்கலாம், அதை வெட்டக் கூடாது என்று வேறொருவர் முடிவு செய்திருக்கலாம். மலையும் கடலும் அழகாக இருந்தால் ஒளிப்பதிவாளரைப் பாராட்டுகிறோம். அவருடைய உண்மையான உழைப்பு ஓர் இருட்டுச் சமையலறையில் இரண்டு முகங்களைத் தெளிவாகக் காட்டியதில் இருந்திருக்கலாம். நடிகையின் குரல் நடிப்பைப் பாராட்டும் முன் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்: நயன்தாராவுக்குப் பல படங்களில் குரல் கொடுத்தவர் தீபா வெங்கட். பாராட்டு உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஒலியிலும் ஒளியிலும் குறை தெரிந்தால், அரங்கத்தையும் சந்தேகியுங்கள். இரவுக் காட்சிகள் இருண்டிருந்ததற்குப் படமும் காரணமாக இருக்கலாம், ஒளி மங்கிய புரொஜெக்டரும் காரணமாக இருக்கலாம். முப்பரிமாணக் கண்ணாடி அணிந்தால் திரை இன்னும் மங்கும். 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது இரைச்சல் தாங்க முடியவில்லை என்று பரவலாகக் குறை எழுந்தது; ஒலியளவை இரண்டு புள்ளிகள் குறைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதாக அதன் தயாரிப்பாளரே சொன்னார். ஒலிக்கலவையில் பாதி, அரங்கத்தில் பாதி என்று குறை பிரிந்து கிடக்கும் இடங்களில், "நான் பார்த்த அரங்கில் இப்படி இருந்தது" என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே உண்மைக்கு நெருக்கமானது.

உங்களுக்கு மட்டுமே தெரிந்தது

எல்லாரும் எழுதும் கருத்துகளில் நான் விரும்பித் தேடிப் படிப்பவை, எழுதுகிறவரின் தொழிலோ ஊரோ படத்துக்குள் வந்த இடங்களைப் பற்றியவை. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா எந்தப் படத்தைப் பார்த்தாலும் வண்டி ஓட்டும் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நேரான சாலையில் நாயகன் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே வசனம் பேசினால், "இப்படி ஓட்டினால் வண்டி வயலில்தான் கிடக்கும்" என்பார். ஒரு படத்தில் மட்டும், மலையிறக்கத்தில் ஓட்டுநராக நடித்தவர் பேச்சை நிறுத்திவிட்டு வளைவைத் தாண்டியபின் மீண்டும் பேசியதைப் பார்த்து, "இவன் ஓட்டிப் பழகியிருக்கிறான்" என்றார். அந்த நடிகரின் உழைப்பைப் பற்றி நான் படித்த எந்த நீண்ட கட்டுரையும் இவ்வளவு சொல்லவில்லை.

நீங்கள் செவிலியராக இருந்தால் மருத்துவமனைக் காட்சியைப் பற்றி எழுதுங்கள். நெசவாளர் வீட்டில் பிறந்திருந்தால் தறி ஓடும் ஒலியைப் பற்றி எழுதுங்கள். வட்டார வழக்கைப் பற்றி அந்த ஊர்க்காரர் சொல்வதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு. நாகர்கோவில் பேச்சும் திருநெல்வேலிப் பேச்சும் ஒன்று என்று நினைத்து எழுதிய வசனத்தை வெளியூர்க்காரர் கண்டுபிடிக்க மாட்டார். 2025 மே மாதம் வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி', இலங்கையிலிருந்து கடல் கடந்து வரும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. அதன் பேச்சு வழக்கு பொருத்தமாக இருந்ததா என்பதைச் சென்னைக்காரரிடம் கேட்பதை விட, யாழ்ப்பாணத்தாரிடமோ புலம்பெயர்ந்து வாழும் ஈழத் தமிழரிடமோ கேட்பதுதான் முறை. நமக்குத் தெரியாத வழக்கை "இயல்பாக இருந்தது" என்று நற்சான்று கொடுக்காமல் விட்டுவிடுவதும் ஒரு நேர்மைதான்.

எழுதக் கூடாதவை

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: முன்னோட்டத்தில் காட்டியதையும், முதல் அரை மணி நேரத்தில் நடப்பதையும் சொல்லலாம். அதற்குப் பிறகு வருவதைச் சொல்ல நேர்ந்தால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். "இறுதியில் ஒரு திருப்பம் இருக்கிறது" என்று சொல்வதும் கதையை உடைப்பதுதான். அதைக் கேட்டவர் படம் முழுவதும் அந்தத் திருப்பத்தையே துருவிக்கொண்டிருப்பார். வன்முறை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, தற்கொலை போன்றவை படத்தில் இருந்தால் அதை மட்டும் மறைக்காதீர்கள். வீட்டில் அண்மையில் இழப்பைச் சந்தித்தவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

நடிகர்களின் உடல், நிறம், வயது, சொந்த வாழ்க்கை, சாதி ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அந்தக் கதாபாத்திரத்துக்கு அவர் பொருந்தினாரா என்று கேட்கலாம். அவர் எடை கூடிவிட்டாரா என்று கேட்பதற்கும் படத்துக்கும் தொடர்பில்லை. வசூல் கணக்கும் நம் வேலை அன்று. முதல் நாள் எத்தனை கோடி என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். அதைச் சரிபார்க்க நம்மிடம் எந்த வழியும் இல்லை.

மதிப்பெண் பற்றி ஒரு சொல். ஆனந்த விகடன் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்து வந்ததும், 1977இல் '16 வயதினிலே' 62½ மதிப்பெண் பெற்றதும் இன்றும் பேசப்படுகின்றன. ஒரே குழு, ஒரே அளவுகோலோடு, ஆண்டுக்கணக்கில் கொடுத்து வந்ததால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் இருந்தது. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் என்று நாம் போடும்போது, சென்ற மாதம் எந்தப் படத்துக்கு எவ்வளவு போட்டோம் என்பது நமக்கே நினைவிருக்காது. எண்ணை விட்டுவிட்டு, யாருக்கு இந்தப் படம் பிடிக்கக்கூடும் என்ற ஒரு வரியைச் சேருங்கள்.

எப்போது எழுதுவது

2024 டிசம்பரில், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் வரக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று கேட்டபோது, விமர்சனம் கருத்துச் சுதந்திரத்துக்கு உட்பட்டது என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அந்த முடிவை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். பணம் கொடுத்துப் பார்த்தவர் வாயைத் திறக்க மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்பது சரியன்று. ஆனால் நீதிமன்றம் கேட்காத ஒரு காத்திருப்பை நானே எனக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன்: ஓர் இரவு. காலையில் எழுந்ததும் எந்தக் காட்சி முதலில் நினைவுக்கு வருகிறதோ, அதிலிருந்து எழுதத் தொடங்குவேன். எதுவுமே நினைவுக்கு வரவில்லை என்றால் அதையே எழுதுவேன். பெரிய படங்கள் நம் நாலு வரியால் நிற்பதுமில்லை, விழுவதுமில்லை. ஐம்பது அரங்குகளில் ஒரு நாளைக்கு ஒரே காட்சி கிடைத்த சிறிய படத்துக்கு, வெள்ளி மாலை எழுதப்படும் ஓர் அவசர வரி ஞாயிற்றுக்கிழமைக் காட்சியைப் பறித்துவிடும். 'டூரிஸ்ட் ஃபேமிலி' ஒரு பெரிய நட்சத்திரத்தின் படத்தோடு ஒரே நாளில் வெளிவந்தும் நின்று ஓடியதற்கு, பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொன்னதே பெருந்துணையாக இருந்தது.

எடுத்துக்காட்டாக, நான் எழுதும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்: "சனிக்கிழமை மதியக் காட்சி, பாதி அரங்கம் நிறைந்திருந்தது. அப்பாவின் கடனை அடைக்க ஊருக்குத் திரும்பும் ஒருத்தியின் கதை. அவள் ஒவ்வொரு கடன்காரர் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் விதம் மாறிக்கொண்டே வருவது எனக்கு மிகவும் பிடித்தது. இடைவேளைக்குப் பிறகு வரும் திருவிழாப் பாட்டில் கதை நின்றுவிடுகிறது. தம்பியாக நடித்தவர் பேசாத இடங்களில் நன்றாக இருக்கிறார், பேசும் இடங்களில் ஒப்பிப்பதுபோல் இருக்கிறது. அடிதடி இல்லை, குழந்தைகளுக்குச் சலிப்பு வரலாம், கடனில் தவித்த குடும்பங்களுக்கு நெருக்கமாக இருக்கும்." இதற்கு மேல் நீட்ட வேண்டிய தேவை எனக்கு அரிதாகவே ஏற்படுகிறது.

பிறகு கருத்து மாறினால் பழைய வரிகளை அழித்துவிடாதீர்கள். 2003 பொங்கலுக்கு வந்து சரியாக ஓடாத 'அன்பே சிவம்' பின்னாளில் எத்தனை பேரால் கொண்டாடப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். அன்று பிடிக்காமல் இன்று பிடித்தவர்கள், இரண்டையும் எழுதி வைத்திருந்தால் எவ்வளவு சுவையான ஆவணமாக இருந்திருக்கும்! தேதி போட்டு, கீழே புதிய கருத்தைச் சேருங்கள்; எங்கே, எதனால் மாறியது என்பதையும் சொல்லுங்கள்.

பெரியம்மா அந்தச் சிறிய படத்தை அடுத்த பொங்கலுக்குத் தொலைக்காட்சியில் பார்த்தார். பார்த்து முடித்த கையோடு எனக்குத் தொலைபேசியில் அழைத்து, முதல் பாதியில் அந்தத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேரனிடம் சொல்லும் வார்த்தைகளை அப்படியே சொல்லிக் காட்டினார். அரங்கில் என் காதில் விழாமல் போன இடம் அது. அதை அவருடைய சொற்களிலேயே, என் பழைய வரிகளுக்குக் கீழே தேதியோடு எழுதி வைத்தேன்.